பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு பையனை ஒதுக்குகிறார்கள், வகுப்பாசிரியர் என்ன செய்யலாம்?

சாக்பீஸ் (கேள்வி)

வணக்கம். அரசு உதவி பெறும் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. பிளஸ் ஒன் கணினி அறிவியல் பிரிவு, 48 பேர். ஒரு மாணவனை "ஒம்போது" என்று கூப்பிடுவது வகுப்பில் வழக்கமாகிவிட்டது. வருகைப் பதிவில் 9 வந்தாலே சிரிப்பு. இத்தனைக்கும் அந்த எண் வேறொரு பையனுடையது. லேபில் இவனோடு ஜோடி சேர ஆளில்லை. மதியம் டிபன் பாக்ஸோடு வட்டமாக உட்காருகிறார்கள், இவன் வந்தால் வட்டம் மூடிக்கொள்கிறது. அடிதடி எதுவும் இல்லை, எழுத்தில் புகாரும் இல்லை. அதனாலேயே எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை.

அவன் தன்பாலீர்ப்பு உள்ளவனா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கேட்க வேண்டுமா?

ஸ்டாஃப் ரூமில் மூன்று யோசனை வந்தது: பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசு, வகுப்பில் ஒருநாள் இதைப் பற்றியே பாடம் எடு, அவனையே கொஞ்சம் "ஆம்பளையா" நடக்கச் சொல். மூன்றுமே எனக்கு உறுத்துகிறது. அனுபவக் கதைகள் வேண்டாம். நாளைக் காலை வகுப்பில் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

---

மரநிழல் (பள்ளி ஆலோசகர்)

சாக்பீஸ் சார், கேட்க வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்கள் வேறு மாதிரி செய்யப்போவது ஒன்றுமில்லை. ஒருவன் எப்படி நடக்கிறான், பேசுகிறான் என்பது ஒன்று. யார்மீது ஈர்ப்பு என்பது வேறு. தன்னை ஆணாக உணர்கிறானா பெண்ணாக உணர்கிறானா என்பது மூன்றாவது. பையன்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஒம்போது" என்று பேர் ஒட்டுகிறார்கள். நளினமாகக் கையசைக்கும் பையன் பெண்களை விரும்புபவனாக இருக்கலாம். கபடி டீம் கேப்டன் தன்பாலீர்ப்பாளனாக இருக்கலாம், இந்தக் கிண்டலையெல்லாம் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். 48 பேரில் உங்கள் கண்ணுக்குத் தெரிபவன் ஒருத்தன். தெரியாமல் இருப்பவனுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் வேலை செய்கிறீர்கள்.

யுனெஸ்கோ 2019ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அதில் பங்கேற்ற பால்புதுமை இளையோர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்கள்) 371 பேர். கிண்டலையும் அடியையும் பள்ளி நிர்வாகத்திடம் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். சொன்னவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், கண்டுகொள்ளாதே என்பதும் உன் பாவனையை மாற்றிக்கொள் என்பதும். உங்கள் ஸ்டாஃப் ரூமின் மூன்றாவது யோசனையும் அதேதான். அந்தப் பையன் நடையை மாற்றினாலும் கிண்டல் நிற்காது. "பாருடா, நடிக்கிறான்" என்று அடுத்த சுற்று தொடங்கும். புகார் இல்லை என்பதைப் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியது கூட்டத்தில். முதலில் வகுப்பின் படத்தை எடுங்கள்.

எல்லோருக்கும் அரைத்தாள் கொடுங்கள். "அடுத்த மாத பிராக்டிகலுக்குக் குழு பிரிக்கிறேன். யாரோடு இருக்க விருப்பம்? மூன்று பெயர்." இவ்வளவுதான் கேள்வி. "யாரோடு இருக்கப் பிடிக்காது" என்று எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே ஒதுக்குவதற்கு வாத்தியார் கொடுத்த லைசென்ஸ் ஆகிவிடும், இடைவேளையில் பட்டியல் வெளியே வந்துவிடும். தாளை மடித்து உங்கள் கையிலேயே தரச் சொல்லுங்கள். லீடரை விட்டு வசூலிக்க வேண்டாம்.

வீட்டில் கட்டம் போட்ட நோட்டில் இடப்பக்கம் எழுதியவன், மேலே எழுதப்பட்டவன். 48 பேர், ஆளுக்கு மூன்று, மொத்தம் 144 புள்ளி. சராசரி ஆளுக்கு மூன்று. பூஜ்யம் வாங்கியவர்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்த ஒருத்தன் மட்டும் இருக்க மாட்டான். புதிதாகச் சேர்ந்தவன், திக்குவாய் உள்ளவன், யார் கண்ணிலும் படாத கடைசி பெஞ்சுக்காரன் என்று சிலர் இருப்பார்கள். எட்டு பத்து வாங்கியவர்களைப் பச்சையில். பிறகு இந்தப் பையன் யாருடைய பெயரை எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். அந்த மூன்று பெயரும் பொன்னானவை.

இப்போது நான்கு பேர் வீதம் 12 குழு. மூன்று பேர் குழு வேண்டாம்: இருவர் ஒட்டிக்கொள்வார்கள், மூன்றாமவன் தனி. இரண்டு பேர் ஜோடியும் வேண்டாம், "உனக்கு அவன் ஜோடியாடா" என்று தொடங்கிவிடும். இவன் குழுவில் இவன் எழுதியவர்களில் ஒருத்தன், பச்சை வட்டக்காரர்களில் கிண்டலில் சேராத ஒருத்தன், யாரோடும் வம்பில்லாத ஒருத்தன். சிவப்பு வட்டக்காரர்களையெல்லாம் ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் பலர் செய்யும் தவறு இது, அடுத்த நாளே அந்தக் குழுவுக்கும் ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். 12 பட்டியலையும் ஒன்றாக நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், காரணம் சொல்லாதீர்கள். ஆறு வாரத்துக்கு மாற்றாதீர்கள். இரண்டாவது வாரத்தில் யாராவது வந்து "சார், குரூப் மாத்துங்க" என்பான். மாற்றினால் எல்லாம் போச்சு.

சும்மா சேர்த்து உட்கார வைத்தால் போதாது. நாலு பேர் இல்லாமல் முடியாத வேலை வேண்டும். சி பிளஸ் பிளஸ் பிராக்டிகல் என்றால் ஒருத்தன் நிரலைத் தட்டச்சு செய்ய, ஒருத்தன் காகிதத்தில் ஓட்டிப் பார்க்க, ஒருத்தன் பிழைச் செய்தியைக் குறிக்க, ஒருத்தன் வெளியீட்டை ரெக்கார்டு நோட்டில் எழுத. வாராவாரம் வேலை சுழல வேண்டும். இல்லாவிட்டால் ரெக்கார்டு எழுதும் வேலை நிரந்தரமாக இவன் தலையில் விழும். 1971ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்ததும் சண்டை வந்தபோது, எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் கையில் எடுத்தது இதே வழிதான்: ஆளுக்கொரு துண்டுப் பாடம், எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் முழுப்பாடம். ஒருத்தனை மட்டம் தட்டினால் தன் மார்க்கே போகும் என்று வரும்போது கிண்டலுக்கு விலை வந்துவிடுகிறது.

---

விசில் (உடற்கல்வி ஆசிரியர்)

மரநிழல் மேடம் சொன்னது லேபுக்கு. ஒதுக்குவது அதிகம் நடப்பது மைதானத்திலும் பைப்படியிலும்தான்.

பிடி பீரியடில் ரெண்டு கேப்டனை நிறுத்தி ஆள் பிரிக்கச் சொல்வதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கடைசியாக நிற்பவன் யார் என்று வாரத்துக்கு ரெண்டு தடவை மொத்த வகுப்புக்கும் படம் போட்டுக் காட்டுகிறோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணச் சொல்லி, ஒன்றுகள் எல்லாம் ஒரு டீம். பையன்கள் இடம் மாறி நின்று எண்ணைத் திருப்பப் பார்ப்பார்கள், அதனால் எண்ணிய பிறகு எந்த எண் எந்த டீம் என்று சொல்லுங்கள். முன்னாடி சொல்லக் கூடாது.

உடை மாற்றும் இடம், கழிப்பறை, குடிதண்ணீர்த் தொட்டி, சைக்கிள் ஸ்டாண்ட். இந்த நாலு இடத்திலும் இடைவேளையின் முதல் மூணு நிமிஷமும் கடைசி ரெண்டு நிமிஷமும் ஒரு ஆசிரியர் நடந்து போனால் போதும். காவல் நிற்க வேண்டாம். ஒரு பையன் இடைவேளையில் பாத்ரூம் போகாமல் வகுப்பு தொடங்கி பத்து நிமிஷம் கழித்து அனுமதி கேட்கிறானா? தண்ணீரே குடிக்காமல் இருக்கிறானா? "ஏன்டா இடைவேளைல என்ன பண்ணின" என்று திட்டாதீர்கள், அனுப்பிவிடுங்கள். அந்த நேரம்தான் அவனுக்குப் பாதுகாப்பு.

அப்புறம் அந்தச் சொல். காதில் விழுந்த அதே நொடியில், உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரல் ஏற்றாமல்: "அந்த வார்த்தை இந்த வகுப்புல வேண்டாம். அவனுக்குப் பேர் இருக்கு. சரி, பாடத்துக்கு வாங்க." அஞ்சு விநாடி. பத்து நிமிஷம் அறிவுரை சொன்னால் 47 தலை அவன் பக்கம் திரும்பும், தண்டனை அவனுக்குத்தான். சொன்னவனை மணி அடித்ததும் தனியாகக் கூப்பிடுங்கள், கூட்டாளிகள் இல்லாமல். பார்வையாளர் இல்லையென்றால் பாதி வீரம் போய்விடும். பத்து தடவையில் பத்து தடவையும் செய்ய வேண்டும். நீங்கள் களைத்துப்போன நாள் எது என்று பசங்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

உங்கள் வகுப்புக்கு வரும் ஆறேழு ஆசிரியர்களும் இதே வரியைச் சொல்ல வேண்டும். கசப்பான விஷயம், பல வகுப்பில் முதல் கிண்டல் ஆசிரியர் வாயிலிருந்துதான் வருகிறது. "ஏன்டா வெக்கப்படுற, பொம்பளையா நீ" என்று ஒரு சார் சிரித்துக்கொண்டே சொன்னால் அது வருஷம் பூரா ஓடும். ஆண்டு விழா நாடகத்தில் பெண் வேஷம் போட்டுச் சிரிக்க வைக்கும் பாத்திரத்துக்கு இவனைப் பிடித்துத் தள்ளுவதும் அதே கணக்குதான். அவனே கேட்டு வந்து நல்ல வேஷம் கட்டினால் அது அவன் கலை, அது வேறு.

---

வக்காலத்து (வழக்கறிஞர்)

பெற்றோரைக் கூப்பிடும் யோசனை பற்றி மட்டும்.

"உங்க பையன் இப்படி இருக்கான்" என்ற ஒரு வரியை நீங்கள் சொல்லிவிட்டால் அன்று இரவு அந்த வீட்டில் நடப்பது உங்கள் கையில் இல்லை. அடி, செல்போன் பறிப்பு, கோயில் மந்திரவாதி என்று அலைச்சல், டிசி. படிப்பே நின்றுபோகலாம். கிண்டல் பற்றிப் பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "வகுப்புல சில பேர் கிண்டல் பண்றாங்க, நாங்க கவனிச்சிட்டிருக்கோம், வீட்டுல சோர்வா இருந்தா எனக்குச் சொல்லுங்க." எதற்காகக் கிண்டல் என்று அவர்கள் கேட்டால் "பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடறாங்க" என்பதோடு நிறுத்துங்கள். பையனிடம் முன்னதாகவே "வீட்டுக்கு இந்த ரெண்டு வரிதான் சொல்லப்போறேன், சரியா?" என்று காட்டிவிடுங்கள்.

எழுத்தில் பதிவு வையுங்கள். தேதி, பீரியட், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் சொன்னது, யார் உடனிருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். அவனுடைய ஈர்ப்பு பற்றி ஒரு வார்த்தையும் கோப்பில் வேண்டாம். கோப்பு கை மாறும்.

சட்டத்தைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் நிலவும் குழப்பம்: 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் வயது வந்தோர் விருப்பத்துடன் கொள்ளும் தன்பால் உறவைக் குற்றமில்லை என்றது. 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும், ஆண்-பெண் ஆனாலும், உடலுறவு போக்சோவுக்குள் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வரும். ஆனால் "எனக்குப் பையனைத்தான் பிடிக்கும்" என்று ஒரு மாணவன் சொல்வது குற்றமும் இல்லை, யாருக்கும் தெரிவிக்க வேண்டிய தகவலும் இல்லை. பாலியல் அத்துமீறல் நடந்தது என்று தெரிந்தால் மட்டும் போக்சோ 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை நமக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மனம்விட்டுப் பேச வந்தவனைக் காவல் நிலையத்துக்கு அனுப்பியவர்களும் உண்டு, உண்மையான அத்துமீறலை "பசங்க விளையாட்டு" என்று மூடியவர்களும் உண்டு. கழிப்பறையில் கால்சட்டையை இழுப்பதும் "செக் பண்றோம்டா" என்று தொடுவதும் இரண்டாவது வகை.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும் மீம், ஸ்டிக்கர்: ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்செடுத்துப் பதிவோடு சேருங்கள். ஆனால் அதில் மாணவனின் ஆடையற்ற படமோ அப்படி ஒட்டு வேலை செய்த படமோ இருந்தால் உங்கள் போனுக்கு வாங்காதீர்கள், தலைமையாசிரியருக்கு ஃபார்வர்டும் செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் அதைப் பரப்புவதும் பதிவிறக்குவதும் சேகரிப்பதும் குற்றம். யார் போனில் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு நேரே புகார்.

தலைமையாசிரியர் "இதெல்லாம் நம்ம ஸ்கூலுக்கு எதுக்கு" என்றால் ஒரு தாளைக் காட்டலாம். 2021 ஜூன் 7ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கு. அதில் பள்ளிகளுக்கு என்று தனியாகவே சொல்லியிருக்கிறது: பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பேசிப் பெற்றோருக்குப் புரியவைப்பது, பாலினப் பாகுபாடில்லாத கழிப்பறை, இந்த மாணவர்களைப் புரிந்துகொண்ட ஆலோசகர். பெற்றோரைக் கூப்பிடுவதென்றால் இப்படி எல்லோரையும் கூப்பிடுங்கள், ஒருத்தன் வீட்டை மட்டும் அல்ல.

---

சாக்பீஸ்

நன்றி. அரைத்தாள், நாலு பேர் குழு, எண்ணும் முறை, பதிவு எல்லாம் நாளைக்கே தொடங்குகிறேன். ரெண்டு சந்தேகம். ஒன்று, அவனே ஒருநாள் வந்து சொன்னால் நான் என்ன சொல்ல வேண்டும்? வாய் தவறி ஏதாவது உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு, அந்தப் பாடம் எடுக்கும் யோசனை முழுக்கத் தப்பா?

---

மரநிழல்

முதல் கேள்விக்கு.

அவன் பேச்சை எடுக்கும்போதே, முழுசாகச் சொல்வதற்கு முன், "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்கன்னாலோ மட்டும் நான் சொல்லியாகணும்" என்று எல்லையைப் போட்டுவிடுங்கள். பிறகு கேளுங்கள். சொல்லி முடித்ததும் "என்னை நம்பிச் சொன்னதுக்கு நன்றி" என்பது போதும். அடுத்து ஒரே கேள்வி: "இப்ப உனக்கு என்ன உதவி வேணும்?" பலருக்கு எந்த உதவியும் வேண்டியிருக்காது, ஒரு ஆளுக்காவது தெரியட்டும் என்றுதான் வந்திருப்பான்.

சொல்லக்கூடாதவை: "உறுதியாத் தெரியுமா?", "வயசுக்கோளாறு, சரியாயிடும்", "யாரை?", "எத்தனை நாளா?". "வீட்டுல சொல்லிடு" என்பதும் கூடாது. எப்போது, யாரிடம் என்பது அவன் முடிவு. "தைரியமா இரு, எல்லார்கிட்டயும் சொல்லு" என்று மறுபக்கம் தள்ளுவதும் அதே தவறுதான்.

"டாக்டர்கிட்ட காட்டினா மாறிடுமா சார்?" என்று அவனே கேட்கலாம். நேராகச் சொல்லுங்கள்: இது நோயில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது மருத்துவரின் தொழில் நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் அறிவித்தது. அதுவும் வக்காலத்து சார் சொன்ன அதே வழக்கின் தொடர்ச்சி.

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்கிற மாதிரி பேச்சு வந்தால் அது வேறு கட்டம். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அவனை வைத்துக்கொண்டே 14416க்குப் போடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். வீட்டைக் கூப்பிட வேண்டிவரும், அப்போதும் "மனசு சரியில்லாம இருக்கான், தனியா விடாதீங்க" என்பதுதான் செய்தி, ஈர்ப்பு பற்றி இல்லை. வீட்டிலேயே அடி என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பின்னர் தன்னைப் போன்றவர்களோடு பேச வேண்டும் என்று அவன் கேட்டால் சென்னையில் ஓரினம் என்ற அமைப்பு இருக்கிறது, தமிழில் படிக்கவும் நிறைய வைத்திருக்கிறார்கள். பெற்றோருக்கானதும் உண்டு.

---

இரட்டைச்சடை (பெண்கள் பள்ளி ஆசிரியை)

இடையில் ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் பையன்களை வைத்தே பேசுகிறீர்கள். பெண்கள் பள்ளியில் இதன் முகமே வேறு. பட்டப்பெயர் சத்தமாக வராது. கிசுகிசு வரும். அப்புறம் மௌனம். வேனில் பக்கத்து சீட்டில் பை வைக்கப்படும். பிறந்தநாள் சாக்லேட் அவள் பெஞ்சைத் தாண்டிப் போகும். கை கோத்து நடப்பது பெண் பிள்ளைகளிடம் சாதாரணம், ஆனால் ஒருத்திமேல் அந்தப் பேச்சு விழுந்துவிட்டால் யாரும் அவள் கையைப் பிடிக்க மாட்டார்கள், தன்மேலும் விழுந்துவிடும் என்ற பயம்.

ஆசிரியைகள் செய்யும் பெரிய தவறு, நெருக்கமாக இருக்கும் இருவரை ஆளுக்கொரு செக்‌ஷனில் போடுவது. கிசுகிசுவுக்குப் பள்ளியே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். அதற்கு மேல் வீட்டுக்குத் தகவல் போனால் பெண் பிள்ளைக்கு விளைவு இன்னும் வேகம்: போன் போகும், டியூஷன் நிற்கும், பிளஸ் டூ முடிவதற்குள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் திங்கள்தோறும் மொத்த வகுப்பும் ஒரு பெஞ்ச் நகரட்டும்.

ஒதுக்கப்பட்டவளைத் தேற்றுவதைவிட நாலு பேர் பார்க்க ஒரு வேலை கொடுப்பது பலன் தரும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பு, திருக்குறள் விளக்கம். வகுப்பில் செல்வாக்குள்ள ஒருத்தியோடு சேர்த்துக் கொடுங்கள், ஒருத்தி குறள் சொல்ல ஒருத்தி பொருள் சொல்ல. ரெண்டு நாள் சேர்ந்து ஒத்திகை பார்த்தாலே போதும், மேடையில் பக்கத்தில் நின்றவளை இறங்கி வந்ததும் தெரியாத மாதிரி போக முடியாது. ஆனால் அந்தச் செல்வாக்குள்ள பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு "நீ அவளோட ஃப்ரெண்டா இருக்கணும்" என்று சொல்லிவிடாதீர்கள். அவள் பெருமையாக நாலு பேரிடம் "மிஸ் சொன்னாங்க, அதான்" என்பாள். முடிந்தது கதை.

---

விசில்

பாடம் எடுப்பது பற்றி: என் கருத்து, வேண்டாம். சம்பவம் நடந்த வாரத்தில் எடுக்கும் பாடம் அவனைச் சுட்டும் விரல்.

அதைவிடச் சிரிக்கிறவர்களைப் பிடியுங்கள். வகுப்பில் கிண்டலைத் தொடங்குகிறவன் ஒருத்தன் ரெண்டு பேர்தான். கூடவே ஓடுகிறவன் ரெண்டு மூணு. சிரித்து ஏற்றிவிடுகிறவன் ஏழெட்டு. மிச்சம் பேர் தலையைக் குனிந்துகொள்கிறவர்கள். பின்லாந்துக்காரர்கள் கிவா என்று ஒரு கிண்டல் தடுப்புத் திட்டத்தை நாடு முழுக்கப் பள்ளிகளில் நடத்துகிறார்கள், அதன் அடிப்படையே இந்தக் கணக்குதான்: தொடங்குகிறவனை மாற்றுவது கஷ்டம், சிரிக்கிறவனை மாற்றுவது சுலபம். சிரிப்பு நின்றால் கடை தானாகச் சாத்தும்.

ஆளுக்கு மூணு நிமிஷம், தனித்தனியாக. திட்டக் கூடாது. "அவனுக்கு இந்த வகுப்பு கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தோணுது. நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவனே ஏதாவது சொல்வான், "சிரிக்காம இருக்கேன் சார்" என்றாவது. சரி, அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை மறக்காமல் கேளுங்கள். ரெண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திக் கைகொடுக்க வைத்து "மன்னிப்பு கேளுடா" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நம் முன்னால் கை கொடுப்பார்கள், சைக்கிள் ஸ்டாண்டில் வட்டியோடு வசூல் ஆகும்.

---

இரட்டைச்சடை

விசில் சார், அந்த வாரத்தில் வேண்டாம் என்பது சரி. அடியோடு வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. யாருமே வாய் திறக்காவிட்டால் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பது சினிமா காமெடி டிராக்தான். மறைந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் தன்பாலீர்ப்பு என்ற சொல்லை மரியாதையோடு உச்சரித்தார் என்பதே பெரிய செய்தி.

ரெண்டு மாதம் கழித்து, வளரிளம் பருவம் பற்றிய பொதுப் பேச்சாக வையுங்கள். உயரம், பருக்கள், தூக்கம், ஈர்ப்பு எல்லாம் சேர்த்து. 40 நிமிஷ பீரியடில் இது ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சொல் முக்கியம். "ஓரினச்சேர்க்கை" என்றால் "சேர்க்கை" என்ற பாதியிலேயே வகுப்பு சிரித்துவிடும், அந்தச் சொல் எல்லாவற்றையும் படுக்கைக்குச் சுருக்கிவிடுகிறது. "தன்பாலீர்ப்பு" என்றால் பேச்சு மனசைப் பற்றியதாகிறது. மரியாதையான சொற்களுக்கென்று தமிழக அரசே 2022ல் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது, கேட்கிறவர்களுக்குக் காட்டலாம்.

கடைசிப் பத்து நிமிஷம் கேள்விச் சீட்டு. எல்லோரும் எழுத வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் "கேள்வி இல்லை" என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் யார் பேனா அசைந்தது என்று பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான். அன்றே பதில் சொல்லாதீர்கள். வீட்டில் பிரித்துப் படித்து, பெயர் வரும் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் நாலைந்து மட்டும். "இது ஒட்டிக்குமா?" என்று நிச்சயம் ஒன்று இருக்கும். இல்லை, பக்கத்தில் உட்காருவதாலோ கூடப் பழகுவதாலோ யாருக்கும் வராது. பையன்கள் பள்ளியில் "அவன் என்னைத் தொட்டா என்ன செய்யறது?" என்றும் இருக்கும். யார் யாரைத் தொட்டாலும், விருப்பமில்லாமல் தொட்டால் தப்பு. அவனை நீங்கள் தொட்டாலும் அதே தப்பு என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும், தயாராக இருங்கள்.

---

சாக்பீஸ்

சரி மேடம், சரி விசில் சார். மேசை டிராயரில் இப்போதே 48 அரைத்தாள் வெட்டி வைத்துவிட்டேன். கடைசியாக ஒன்று, வருகைப் பதிவில் 9 வரும்போது சிரிப்பதை என்ன செய்வது? அந்த எண்காரப் பையன் கையைத் தூக்கவே கூசுகிறான்.

---

விசில்

எண்ணைக் கூப்பிடாதீர்கள், பெயரைக் கூப்பிடுங்கள். 48 பெயருக்கு ஒண்ணரை நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் ஆப்பில் பெயர்தானே வருகிறது. முதல் ரெண்டு நாள் ஒன்பதாவது பெயர் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள், அதனால் முதல் வாரம் கீழிருந்து மேலே படியுங்கள், ஒருநாள் நடுவிலிருந்து. லேப் மெஷின் நம்பர், பிராக்டிகல் பேட்ச் நம்பர், விளையாட்டு ஜெர்ஸி நம்பர் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். 9ஆம் நம்பர் மெஷினில் அவனை உட்கார வைத்துவிடாதீர்கள்.